இழைக்கு ஏது குலம்?

ஆடை ஒன்றைக் கையில் எடுத்துப் பாருங்கள். பட்டாயினும் பருத்தியாயினும், அரசன் அணிந்ததாயினும் ஆண்டி உடுத்ததாயினும், பிரித்துப் பார்த்தால் எஞ்சி நிற்பது இழை, வெறும் இழை. மனித உடலும் அத்தகையதொரு நெசவே என்று கண்டறிந்தவர்கள், தாம் கண்ட பொருளுக்குப் பெயர் தேடிச் சென்றது நெசவுக் கூடத்திற்குத்தான். பிரெஞ்சு மொழியிலே 'திசு' என்றால் நெய்யப்பட்டது என்று பொருள். அந்தச் சொல்தான் ஆங்கிலத்தின் வழியே நடந்து வந்து, நம் பள்ளிப் பாடநூல்களிலும் 'திசு' என்றே அமர்ந்திருக்கிறது. ஈழத்துத் தமிழ் நூல்கள் இன்னும் ஒருபடி மேலே சென்று, 'இழையம்' என்று அழகுறப் பெயரிட்டு அழைக்கின்றன.

மனித உடலில் உறுப்புகள் பல. ஆனால் அவற்றை நெய்த இழைகளோ நான்கே வகை. மூடிக் காக்கும் எபிதீலியத் திசு ஒன்று. தாங்கிப் பிணைக்கும் இணைப்புத் திசு மற்றொன்று. அசைக்கும் தசைத் திசு மூன்றாவது. உணர்த்தும் நரம்புத் திசு நான்காவது. இன்று பள்ளிச் சிறுவன் ஒரே மூச்சில் ஒப்புவித்து விடுகிறான். ஆனால் அந்த நான்கு பெயர்களுக்குப் பின்னே சில நூற்றாண்டுகளின் உழைப்பு இருக்கிறது. அந்த உழைப்பின் நடுவே ஓர் அநீதியும் இருக்கிறது. எல்லா உடலும் ஒரே நெசவு என்பதற்கு அசைக்க முடியாத சான்றைத் தேடித் தந்த அறிஞர் ஒருவருக்கு, அவர் பிறந்த குலத்தைக் காட்டிப் பேராசிரியர் நாற்காலியை மறுத்தது ஒரு நாடு. அந்த வரலாற்றைத்தான் இங்கே காண இருக்கிறோம்.

முதலில், தொட மறுத்தவர்களின் காலம். ஐரோப்பாவின் பல்கலைக் கழகங்களிலே, பதினாறாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், உடற்கூறு எப்படிக் கற்பிக்கப்பட்டது? பேராசிரியர் உயர்ந்ததோர் இருக்கையில் அமர்ந்து, கேலன் எழுதிய பழைய ஏட்டை ஓதுவார். கீழே, பிணத்தை அறுப்பவன் ஒரு நாவிதன். ஓதுகிறவர் உடலைத் தொடமாட்டார். தொடுகிறவனுக்கு ஓதத் தெரியாது. கேலன் அறுத்துப் பார்த்தவையோ பெரும்பாலும் குரங்கும் பன்றியும் போன்ற விலங்குகள். ஆகவே ஏடு ஒன்று சொல்லும். எதிரே கிடக்கும் உடல் வேறொன்று சொல்லும். ஏட்டிலே பிழை இருக்கலாம் என்று எண்ணுவதற்கும் அஞ்சிய காலம் அது!

படுவா நகரில் பேராசிரியராக இருந்த வெசாலியஸ் அந்த உயர்ந்த இருக்கையை விட்டுக் கீழே இறங்கினார். கத்தியைத் தம் கையில் எடுத்தார். 1543-இல், 28 வயதில், அவர் வெளியிட்ட பெருநூலின் முகப்புப் படமே அவர் தம் கையால் உடலை அறுத்துக் காட்டும் காட்சிதான். ஓதும் வாயும் தொடும் கையும் ஒன்றாயின. அறிவு வளர்ந்தது.

ஆனால் வெசாலியஸ் கண்டது உறுப்புகளை. இதயம் ஓர் உறுப்பு, ஈரல் ஓர் உறுப்பு, இரைப்பை ஓர் உறுப்பு. இவை எதனால் ஆனவை? ஒவ்வொன்றும் தனித்தனிப் பொருளா? அல்லது எல்லாம் ஒரே சில பொருள்களின் கலப்பா? இந்தக் கேள்விக்கு விடை கிடைக்க இன்னும் 250 ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று. அந்த விடையுடன் வந்தவர் பிஷா.

1771-இல் பிரான்சு நாட்டிலே பிறந்தவர் பிஷா. முடியரசு சாய்ந்து மக்களாட்சி முழங்கிய நாள்களில், 1793-இல், அவர் பாரிசுக்கு வந்தார். தெசோ என்னும் புகழ்பெற்ற அறுவை மருத்துவரிடம் மாணவரானார். பாரிசில் ஓத்தல் தியூ என்றொரு பழம்பெரும் மருத்துவமனை உண்டு. செல்வர்கள் அங்கே வருவதில்லை. அவர்களுக்கு வீடு தேடி மருத்துவர் வருவார். ஓத்தல் தியூவுக்கு வந்தவர்கள் ஏழைகள். அங்கே செத்தவர்களும் ஏழைகள். அவர்களுடைய உடல்களைத்தான் பிஷா அறுத்து ஆராய்ந்தார். ஒரே குளிர்காலத்தில் 600 உடல்களுக்கு மேல் அவர் திறந்து பார்த்தார் என்று கூறுகிறார்கள். வாழும்போது எவரும் ஏறெடுத்துப் பாராத அந்த ஏழைகள், மாண்ட பிறகு மனித குலத்திற்கே பாடநூல் ஆனார்கள். அவர்களுடைய பெயர்களை எந்த நூலும் குறித்து வைக்கவில்லை.

பிஷாவின் முறை எளியது. நுண்ணோக்காடியை அவர் நம்பவில்லை. அந்நாளைய ஆடிகள் காட்டிய உருவம் மங்கலாக, வண்ணக் கோடுகள் சூழ்ந்து, பார்ப்பவரை ஏமாற்றியது. ஆகவே அவர் உடலின் பகுதிகளை எடுத்து வேகவைத்தார், உலர்த்தினார், நீரில் ஊறவிட்டார், அழுக விட்டார், அமிலத்தில் இட்டார், காரத்தில் இட்டார். எது கரைகிறது, எது சுருங்குகிறது, எது அசையாது நிற்கிறது என்று பார்த்தார். பார்த்துவிட்டு அவர் சொன்ன செய்தி இது: உடல் உறுப்புகள் பலவாயினும் அவை சில அடிப்படைத் திசுக்களின் கூட்டே. வேதியியலில் சில தனிமங்கள் கூடி எண்ணற்ற பொருள்கள் ஆவதுபோல, இங்கே சில திசுக்கள் கூடி எல்லா உறுப்புகளும் ஆகின்றன. அவர் கணக்கில் அவை 21 வகை.

இதனால் மருத்துவத்திற்கு விளைந்த நன்மை என்ன? நுரையீரலைப் போர்த்திய மெல்லிய சவ்வும், இதயத்தைச் சூழ்ந்த சவ்வும், வயிற்றறையின் உட்சவ்வும் இருக்கும் இடத்தால் வேறு, நெசவால் ஒன்று. ஆகவே அழற்சி கண்டால் மூன்றும் ஒரே விதமாகத் துன்புறும். நோயைப் புரிந்துகொள்ள உறுப்பின் பெயரை மட்டும் கேட்பது போதாது. திசுவைக் கேட்க வேண்டும். 1801-இல் வெளிவந்த 'பொது உடற்கூறு' என்னும் அவருடைய நூல் மருத்துவ உலகின் பார்வையையே மாற்றியது. ஆனால் அந்த மாற்றத்தைக் காண அவர் இருக்கவில்லை. 1802 சூலைத் திங்களில் ஓத்தல் தியூவின் படிக்கட்டில் விழுந்தார்; சில நாள்களில் மறைந்தார். அப்போது அவருக்கு வயது 30. அறுத்துப் பார்த்துப் பார்த்தே தேய்ந்துபோன உடல் அது.

இனி நுண்ணோக்காடியின் கதை. இதிலும் துணிக்கும் உடலுக்கும் ஓர் உறவு இருப்பதைப் பாருங்கள். ஒல்லாந்து நாட்டின் டெல்ஃப்ட் நகரில் லீவன்ஹூக் என்றொரு துணி வணிகர் இருந்தார். பல்கலைக் கழகம் பார்த்தவர் அல்லர். அறிஞர் மொழி என்று அந்நாளில் போற்றப்பட்ட இலத்தீனும் அறியாதவர். துணி வணிகர்கள் நெசவின் தரம் பார்க்க ஆடியைப் பயன்படுத்துவது வழக்கம். இவரோ தாமே ஆடிகளைத் தேய்த்து, 200 மடங்குக்கு மேல் பெரிதாக்கிக் காட்டும் கருவிகளைச் செய்தார். அந்த ஆடியின்கீழ்க் குருதியின் செவ்வணுக்களைக் கண்டார். தசையின் வரிகளைக் கண்டார். ஒரு துளி நீரில் ஓர் உலகமே நீந்துவதைக் கண்டார். கண்டதைத் தம் தாய்மொழியிலேயே எழுதி இலண்டன் அரச கழகத்துக்கு அனுப்பினார். இலத்தீனில் எழுதவில்லையே என்று கழகம் கதவடைக்கவில்லை, மொழிபெயர்த்துப் படித்தது. அதே கழகத்தைச் சேர்ந்த ராபர்ட் ஹூக், 1665-இலேயே தக்கைச் சீவலில் சிறுசிறு அறைகளைக் கண்டு, அவற்றிற்கு அறை என்றே பெயரிட்டிருந்தார். நாம் இன்று உயிரணு என்கிறோமே, அந்தச் சொல்லின் தொடக்கம் அங்கேதான்.

1830-ஐ ஒட்டி, வண்ணக் கோடுகள் இல்லாமல் தெளிவாகக் காட்டும் ஆடிகள் வந்தன. பெர்லின் நகரில் யோகான்னஸ் முல்லர் என்னும் பேரறிஞரின் ஆய்வுக்கூடத்தில் இளைஞர் கூட்டமொன்று அந்த ஆடிகளைச் சூழ்ந்து கொண்டது. அவர்களுள் ஒருவர் ஷ்வான். செடிகொடிகள் எல்லாம் உயிரணுக்களால் ஆனவை என்று ஷ்லைடன் 1838-இல் சொன்னார். விலங்குகளும் அப்படியே என்று ஷ்வான் 1839-இல் நிறுவினார். பிஷாவின் இழைகளையும் பிரித்துப் பார்த்தாயிற்று. அவற்றின் உள்ளே உயிரணுக்கள்!

ஆனால் அந்த உயிரணு எங்கிருந்து பிறக்கிறது? இந்த இடத்தில் ஷ்வான் தடுமாறினார். உப்புக் கரைசலில் படிகம் தோன்றுவதுபோல, உருவமற்ற ஒரு பாய்மத்திலிருந்து உயிரணு தானாகத் திரண்டு உருவாகிறது என்றார். அழுக்கிலிருந்து புழு தானாகப் பிறக்கும் என்ற பழைய நம்பிக்கைக்கு அறிவியல் ஆடை கட்டியது போன்றதுதான் இது. அந்த ஆடையைக் களைந்தவர்தான் ரேமாக்.

ராபர்ட் ரேமாக் 1815-இல், அந்நாளில் பிரஷ்ய ஆட்சியின்கீழ் இருந்த போசன் நகரில், ஒரு யூதக் குடும்பத்தில் பிறந்தார். பெர்லினுக்கு வந்து முல்லரிடம் பயின்றார். 1838-இல் மருத்துவப் பட்டம் பெற்றபோதே நரம்பு இழைகளைப் பற்றி உலகம் அறியாத செய்திகளைக் கண்டு சொன்னார். கொழுப்புறை இல்லாத ஒருவகை நரம்பிழைக்கு இன்றும் அவர் பெயரே வழங்குகிறது. அறிவு இருந்தது, உழைப்பு இருந்தது, ஆசிரியரின் பாராட்டும் இருந்தது. இல்லாதது ஒன்றுதான்: பிரஷ்ய அரசுக்கு ஏற்ற பிறப்பு!

1812-இல் யூதர்க்குக் குடியுரிமை வழங்கி, கல்விப் பதவிகளின் கதவையும் திறந்து வைத்தது பிரஷ்யா. பத்தே ஆண்டில், 1822-இல், அந்தக் கதவை மீண்டும் சாத்தியது. கிறித்தவ மதத்தைத் தழுவினால் பதவி உண்டு என்றது வழக்கம். எத்தனையோ பேர் அந்த வழியே சென்றனர். ரேமாக் செல்லவில்லை. 'என் ஆய்வைப் பாருங்கள், என் பிறப்பை ஏன் பார்க்கிறீர்கள்?' என்பதுபோல நிமிர்ந்து நின்றார். 1843-இல் மன்னருக்கே விண்ணப்பம் செய்தார், பயனில்லை. உலகப் புகழ் பெற்ற அறிஞர் ஹம்போல்ட் போன்றோர் அவருக்காகப் பரிந்து பேசினர். கடைசியில் 1847-இல் விரிவுரை ஆற்றும் உரிமை மட்டும் கிடைத்தது. பெர்லின் பல்கலைக் கழகத்தில், மதம் மாறாமலே அந்த உரிமையைப் பெற்ற முதல் யூதர் அவர். உரிமை உண்டு, ஊதியம் இல்லை! வயிற்றுப் பிழைப்புக்கு நோயாளிகளைப் பார்த்தார். எஞ்சிய நேரத்தில் கோழிக் கருவைப் பார்த்தார். பிறப்பு என்னும் தாழ்ப்பாள் எந்த நாட்டுக் கதவில் இருந்தாலும், அது விழும் ஓசை ஒன்றே போலும்!

அந்தக் கோழிக் கருவில் அவர் கண்டது என்ன? உயிரணு ஒன்று இரண்டாகப் பிரிகிறது, இரண்டும் நான்காகின்றன, நான்கும் எட்டாகின்றன. பாய்மத்திலிருந்து எதுவும் தானாகத் திரளவில்லை. உடலில் உள்ள ஒவ்வோர் உயிரணுவுக்கும் தாய் ஓர் உயிரணு. எல்லாவற்றிற்கும் முதல் தாய் கருமுட்டை. இதை 1852-இல் அச்சிட்டு வெளியிட்டார். அத்தோடு நிற்கவில்லை. வளரும் கருவில் மூன்று அடுக்குகள் உண்டு என்றும், எந்த அடுக்கிலிருந்து எந்தத் திசு தோன்றுகிறது என்றும் வகுத்துக் காட்டினார். உள்ளடுக்கிலிருந்து குடலின் உட்போர்வை. நடுவடுக்கிலிருந்து எலும்பும் குருதியும் தசையும். வெளியடுக்கிலிருந்து மேல்தோலும், மூளையும், நரம்பும். தோலும் மூளையும் ஒரே அடுக்கின் மக்கள்! நிறத்தைக் காட்டி ஒருவரைத் தாழ்த்துகிறவனும், மூளையைக் காட்டித் தன்னை உயர்த்துகிறவனும் எண்ணிப் பார்க்க வேண்டிய செய்தி அல்லவா இது?

ஆனால் உலகம் இந்தச் செய்தியை ரேமாக்கின் பெயரால் அறியவில்லை. உயிரணு எல்லாம் உயிரணுவிலிருந்தே என்னும் முழக்கத்தை 1855-இல் எழுப்பிப் புகழ் கொண்டவர் விர்க்கோ. ரேமாக்கின் உழைப்புக்கு உரிய இடத்தை அவர் எழுத்து தரவில்லை. மனம் நொந்த ரேமாக் அவருக்கே கடிதம் எழுதினார்.

விர்க்கோ தீயவரா? அல்லர், அதுதான் இந்தக் கதையின் வேதனை. 1848-இல் மேல் சைலீசியாவில் கொள்ளைக் காய்ச்சல் பரவியபோது, அரசு அனுப்பிய இளம் மருத்துவர் அவர். போலந்து மொழி பேசிய அந்த ஏழை மக்களைக் கண்டு வந்து, இவர்களுக்கு வேண்டிய மருந்து கல்வியும் உரிமையும் முழு மக்களாட்சியுமே என்று அரசுக்கே அறிக்கை எழுதிய துணிவு அவருடையது. அதே ஆண்டில் பெர்லின் வீதியில் புரட்சியாளரோடு நின்றார். அதனால் அரசின் சீற்றத்துக்கு ஆளாகி அந்நகரை விட்டு நீங்கினார். 1858-இல் வெளிவந்த அவருடைய உயிரணு நோயியல் நூல், மனித உடலை ஒரு குடியரசாகவே காட்டியது: ஒவ்வோர் உயிரணுவும் ஒரு குடிமகன், நோய் என்பது குடிமக்களின் துன்பம். பிற்காலத்தில் ஏறத்தாழ 67 இலட்சம் பள்ளிப் பிள்ளைகளின் முடி, கண், தோல் நிறங்களைக் கணக்கெடுத்து, தூய இனம் என்று ஒன்று செருமனியில் இல்லை என்பதையும் அவரே காட்டினார். அத்தகைய நல்லவரின் கண்ணுக்கும், பக்கத்தில் நின்ற ரேமாக்கின் உரிமை தெரியாமல் போயிற்று. அநீதியைச் செய்யக் கொடியவன்தான் வேண்டுமென்பதில்லை. கவனியாத நல்லவனும் போதும்.

ரேமாக்குக்கு 1859-இல் துணைப் பேராசிரியர் என்ற பட்டம் வந்தது. முழுப் பேராசிரியர் பதவி கடைசிவரை வரவில்லை. 1865-இல், 50 வயதில், அவர் மறைந்தார்.

இதற்கிடையே கோலிக்கர் 1852-இலும், லைடிக் 1857-இலும் எழுதிய திசுவியல் நூல்களின் வழியே, பிஷாவின் 21 வகை சுருங்கி, நான்கு என்னும் கணக்கு நிலைபெற்றது. அந்த நான்கின் பெருமைதான் என்ன!

எபிதீலியத் திசு உடலின் எல்லைக் காவலன். உயிரணுக்கள் தோளோடு தோள் ஒட்டி நிற்கும். இடையே குருதிக் குழாய் நுழையாது. அடியில் உள்ள திசுவிலிருந்தே உணவு பெறும். உணவும் அமிலமும் உராயும் சிறுகுடலின் உட்போர்வை மூன்று முதல் ஐந்து நாளுக்கொருமுறை புதிதாகிறது. இணைப்புத் திசுவோ பல வடிவம் எடுக்கும்: கல்போன்ற எலும்பு, வளையும் குருத்தெலும்பு, இழுக்கும் தசைநாண், மென்மையான கொழுப்பு, ஓடும் குருதி. அங்கே உயிரணுக்கள் விலகி நிற்கும். அவற்றைச் சூழ்ந்த பொருளே வலிமை தரும். தசைத் திசு மூவகை: நம் விருப்பப்படி அசையும் வரித்தசை, நம்மைக் கேளாமல் குடலை அசைக்கும் மென்தசை, பிறக்கும் முன்னரே தொடங்கி இறக்கும்வரை ஓயாத இதயத்தசை. நரம்புத் திசுவில் செய்தி கடத்தும் நரம்பணுக்களும், அவற்றைப் பேணும் துணையணுக்களும் உண்டு. மூளையில் மட்டும் நரம்பணுக்கள் ஏறத்தாழ 8,600 கோடி.

தோலின் நிறம்? அதுவும் இந்த நெசவுக்குள் அடக்கம். மேல்தோலில் நிறமி செய்யும் உயிரணுக்கள் உண்டு. கருத்தவர்க்கும் வெளுத்தவர்க்கும் அவற்றின் எண்ணிக்கை ஏறத்தாழ ஒன்றே. செய்யும் நிறமியின் அளவும் வகையும்தான் வேறு. இந்த உண்மை நூல்களில் இருந்தும், பிறப்பை அளக்கும் பித்து ஒழியவில்லை. ரேமாக்கின் பேரர், அதே ராபர்ட் ரேமாக் என்னும் பெயருடையவர், சிறந்த கணித அறிஞர். பெர்லினில் பாட்டனாரைப் போலவே விரிவுரை ஆற்றும் உரிமை பெற்றவர். 1933-இல் இட்லரின் ஆட்சி அந்த உரிமையைப் பறித்தது; 1942-இல் ஆசுவிட்சு முகாமில் அவர் உயிரையும் பறித்தது. பாட்டனாருக்கு நாற்காலியை மறுத்த அதே கொள்கை, பேரனுக்கு மூச்சையே மறுத்தது. சிறிய அநீதி என்று அன்று பொறுத்துக்கொள்ளப்பட்டது வளர்ந்து நின்ற கோலம் அது.

இன்று எந்த மருத்துவமனையின் ஆய்வுக்கூடத்துக்கும் சென்று பாருங்கள். நோயாளியின் உடலிலிருந்து எடுத்த திசுவை மெல்லிய சீவலாக்கி, கண்ணாடித் தகட்டில் ஏற்றி, சாயமிடுகிறார்கள். அந்தச் சாயங்களில் ஒன்று, துணிக்கு வண்ணமேற்ற மக்கள் நெடுங்காலம் பயன்படுத்திய ஒரு மரத்தின் கட்டையிலிருந்து எடுத்தது. ஆடியில் கண் வைக்கும் மருத்துவர், இது ஈரல் என்பார், இது குடல் என்பார்; இங்கே புற்று தோன்றியிருக்கிறது, இங்கே தோன்றவில்லை என்பார். இவர் எந்தக் குலம், எந்தக் கோயில், எந்தத் தெரு என்று அவரைக் கேளுங்கள். சிரிப்பார். அந்தத் தகட்டில் அதைப் பார்க்க இடமே இல்லை.

ரேமாக்கை மறந்த உலகம் அவருக்குத் தரவேண்டிய கடன் இன்னும் இருக்கிறது. அவருக்குச் சிலை வைப்பதால் மட்டும் அது தீராது. படிக்க வருகிறவனை, பணிக்கு வருகிறவனை, யார் மகன் என்று கேளாமல் உள்ளே அழைக்கும் கதவுகள் பெருகும்போதுதான் அது தீரும்.